ஏறும்போது வராத வலி இறங்கும்போது ஏன் வருகிறது?

கேள்வி: அடுத்த மாதம் நண்பர்களோடு நான்கு நாள் ட்ரெக்கிங் போகிறேன். கூடாரம், சாப்பாடு எல்லாம் நாங்களே சுமக்க வேண்டும். ஒத்திகையாக 14 கிலோ பையோடு ஒரு மலைக்குப் போய் வந்தேன். என் எடை 62 கிலோ. ஏறும்போது மூச்சு வாங்கியதே தவிர வேறு தொந்தரவு இல்லை. இறங்கும்போதுதான் முழங்கால் வெடவெடவென்று நடுங்கியது, இரண்டு கட்டைவிரல் நகமும் கறுத்துவிட்டது. அப்புறம் மூன்று நாள் மாடிப்படி இறங்க முடியவில்லை. ஒரு சைஸ் பெரிய ஷூ வாங்கினால் சரியாகுமா? முழங்காலுக்குப் பட்டை போடலாமா?

பதில்: இரண்டுக்கும் இப்போது செலவு செய்யாதீர்கள். முதலில் பழைய ஷூவின் லேஸை அவிழ்த்துக் கட்டிப் பார்ப்போம்.

நகம் கறுப்பது, அதன் அடியில் ரத்தம் கட்டுவதால். இறக்கத்தில் ஒவ்வோர் அடிக்கும் பாதம் ஷூவுக்குள் முன்னால் சறுக்கி விரல் நுனி முட்டுகிறது. ஒருமுறை முட்டினால் தெரியாது. சில ஆயிரம் முறை முட்டினால் நகம் தாங்காது. முட்டுவதற்குக் காரணம் ஷூ சிறியதாக இருப்பது மட்டுமல்ல, கணுக்கால் பக்கம் லேஸ் தளர்ந்திருப்பதும்தான். எது என்று தெரிந்துகொள்ள, மாலை நேரத்தில் (பகலெல்லாம் நடந்து கால் சற்று வீங்கியிருக்கும்) ஷூவுக்குள் இருக்கும் அட்டையை வெளியே எடுத்துத் தரையில் போட்டு அதன்மேல் நில்லுங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருந்தால் ஷூவின் நீளத்தில் குறையில்லை. அப்படியிருக்க இன்னும் பெரியதாக வாங்கினால் பாதம் கூடுதலாகச் சறுக்கும், குதிகாலில் கொப்புளமும் வரும்.

லேஸ் கட்டும் முறை இதுதான். விரல் பக்கம் தளர்வாகவே விடுங்கள். பாதம் மடங்கும் இடத்துக்கு வந்ததும் இரண்டு லேஸையும் ஒன்றோடொன்று இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி இழுங்கள். அந்த இடத்தில் பூட்டுப் போட்டது போல இறுகிக்கொள்ளும். கீழே இருக்கும் தளர்வு மேலே வராது, மேலே இருக்கும் இறுக்கம் கீழே போகாது. அங்கிருந்து கணுக்கால் வரை நன்றாக இறுக்குங்கள். கட்டும் முன் குதிகாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டிப் பின்னுக்குத் தள்ளிக்கொள்ள வேண்டும். பலர் காலையில் ஒருமுறை கட்டினால் இரவு கூடாரத்தில்தான் அவிழ்க்கிறார்கள். இறக்கம் தொடங்கும் இடத்தில் உட்கார்ந்து மறுபடி கட்டுவதற்கு இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடச் சோம்பேறித்தனத்துக்கு நானும் ஒரு நகத்தைப் பறிகொடுத்திருக்கிறேன். கட்டைவிரல் நகம் முழுதாக வளர்ந்து வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

உங்கள் நகத்தில் வலி இல்லையென்றால் அப்படியே விட்டுவிடலாம். விண்விண்ணென்று தெறித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள், நீங்களே ஊசியால் குத்த வேண்டாம். மற்ற நகங்களைக் கிளம்புவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே நேராக வெட்டிவிடுங்கள்.

அடுத்தது முழங்கால். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் மூட்டைவிடத் தொடைத் தசைமேல்தான் எனக்குச் சந்தேகம். ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி உடலை மேலே தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை பாரத்தைத் தாங்கிக்கொண்டே நீள வேண்டியிருக்கிறது, பிரேக் மாதிரி. இந்த வேலையில் மூச்சு வாங்காது, அதனால் களைப்பு தெரியாது. ஆனால் தசை இழைகளில் நுண்ணிய சிதைவு ஏற்படும். வலி மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் உச்சத்துக்குப் போகும். நடுக்கம், தாமதமாக வந்த வலி, படி இறங்க முடியாமை மூன்றும் இதோடு பொருந்துகின்றன. முழங்கால் பட்டை அந்தத் தசையின் வேலையைச் செய்யாது. ஆனால் மூட்டு வீங்கினாலோ, ஒரே புள்ளியில் சுருக்கென்று குத்தினாலோ, மடக்கும்போது சிக்கிக்கொண்டாலோ பயணத்துக்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

ஒரு நல்ல செய்தி: ஒருமுறை இப்படி அடிவாங்கிய தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையைக் குறைந்த வலியோடு செய்யும். அதனால் உங்கள் ஒத்திகை வீண்போகவில்லை. வாரம் மூன்று நாள் படியில் நின்று, ஒரு காலை ஊன்றிக்கொண்டு, மற்றக் காலின் குதிகால் கீழ்ப்படியைத் தொடும்வரை மூன்று எண்ணி மெதுவாக இறக்குங்கள். ஒரு காலுக்குப் பத்துத் தடவை. பழகியபின் பையை மாட்டிக்கொண்டு செய்யுங்கள். கடைசி ஒரு வாரம் ஓய்வு.

இனி பை. உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு என்பது பலரும் வைத்துக்கொள்ளும் கணக்கு; உங்களுக்கு அது சுமார் 12.5 கிலோ. ஒன்றரை கிலோ கூடுதலாக வைத்திருக்கிறீர்கள். நண்பர்கள் எல்லோரும் ஆளுக்கொரு அடுப்பு, ஆளுக்கொரு மருந்துப் பெட்டி என்று தூக்குகிறீர்களா பாருங்கள், கூடுதலில் பாதி அதிலேயே குறைந்துவிடும். மீதி தண்ணீர்: வழியில் எங்கெங்கே நீர் கிடைக்கும் என்று தெரிந்தால் சுத்திகரிக்கும் வில்லையோ வடிகட்டியோ எடுத்துக்கொண்டு குறைவாகச் சுமக்கலாம். ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ.

ஷூவைப் பற்றியே யோசிக்கிறவர்களிடம் எம்மா கேட்வுட்டைப் பற்றிச் சொல்வேன். 1955ல், 67 வயதில், அமெரிக்காவின் அப்பலாச்சியன் நெடும்பாதையில் 3,000 கிலோமீட்டருக்கும் மேல் தனியாக நடந்து முடித்தவர். காலில் சாதாரணக் கேன்வாஸ் ஷூ; தோளில் தானே தைத்த ஒரு துணிப் பை. கேன்வாஸ் ஷூவைப் பரிந்துரைக்கவில்லை, அந்தப் பையின் கனத்தைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

பணம் செலவழித்தே ஆக வேண்டுமென்றால் இரண்டு ட்ரெக்கிங் குச்சி வாங்குங்கள். சமதளத்தில் முழங்கை செங்கோணமாக மடங்கும் உயரம். இறக்கத்தில் 5 முதல் 10 சென்டிமீட்டர் நீட்டிக்கொள்ளுங்கள். கால் வைக்கும் முன் குச்சியை ஊன்றினால் பாரத்தில் ஒரு பகுதி கைக்குப் போகும். பின்னால் சாயாதீர்கள், பயத்தில் எல்லோரும் சாய்வார்கள், அதில்தான் குதிகால் வழுக்கும். முட்டியைச் சற்று மடக்கிச் சின்னச் சின்ன அடியாக வையுங்கள்.

கடைசியாக, அன்று எவ்வளவு வேகமாக இறங்கினீர்கள்? மலையில் நடக்க ஆகும் நேரத்துக்கு ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் நைஸ்மித் 1892ல் சொன்ன விதி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதற்குமேல் 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். 12 கிலோமீட்டரும் 900 மீட்டர் ஏற்றமும் என்றால் ஓய்வில்லாமல் ஏறக்குறைய நான்கு மணி. ஆனால் அதில் இறக்கத்துக்குக் கணக்கே இல்லை. பின்னால் லாங்முயர் என்பவர் அதைத் திருத்தினார்: மிதமான இறக்கம் என்றால் 300 மீட்டருக்கு 10 நிமிடம் கழியுங்கள், செங்குத்தாக இருந்தால் 10 நிமிடம் கூட்டுங்கள். “இறங்குவதுதானே” என்று குறைத்துப் போட்டுவிட்டு, இருட்டுவதற்குள் போக வேண்டுமென்று ஓடுகிற குழுக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மறுநாள் காலை அவர்கள் எல்லோருக்கும் உங்கள் கதைதான்.

பயணத்துக்குப் பத்து நாள் முன்பு குறைத்த பையோடு அதே மலைக்கு இன்னொரு முறை போய் வாருங்கள். லேஸை மேலே சொன்னபடி கட்டியும் விரல் முட்டினால், அப்போது ஷூ கடைக்குப் போகலாம். மாலையில் போங்கள், நடக்கும்போது போடும் சாக்ஸையே எடுத்துப் போங்கள், கடையில் சரிவுப் பலகை இருந்தால் அதில் இறங்கிப் பார்க்காமல் வாங்காதீர்கள்.