ஸ்டென்ட் வைத்தவருக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 64. இடுப்பிலிருந்து இடது கால்வரை வலி இழுக்கிறது, பாதம் மரத்துப்போகிறது. இடுப்புக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். 3 ஆண்டுகளுக்கு முன் இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் (உலோக வலைச்சுருள்) வைத்தோம். வலது முழங்காலில் செயற்கை மூட்டும் இருக்கிறது. ஸ்டென்ட்டைக் காந்தம் இழுத்துவிடும் என்கிறார்கள். எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் குழாய்க்குள் போகவும் அம்மா பயப்படுகிறார். என்ன செய்வது?

பதில்: பயப்படாமல் எடுக்கலாம். இதய ஸ்டென்ட்கள் கோபால்ட்-குரோமியம் போன்ற, காந்தத்துக்கு இழுபடாத உலோகக் கலவைகளால் ஆனவை. 1.5 டெஸ்லா, 3 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்த வலிமையின் அளவு) இரண்டு இயந்திரங்களிலும் எடுக்கலாம். செயற்கை மூட்டு எலும்போடு இறுகியிருப்பதால் நகராது. அந்த முழங்காலையே எடுத்தால்தான் படம் கலங்கும். ஸ்டென்ட் கார்டையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் கொண்டுபோய்ப் படிவம் நிரப்பும்போதே காட்டுங்கள்.

உண்மையில் பயப்பட வேண்டியவை வேறு: பேஸ்மேக்கர், காக்ளியர் கருவி (காது கேட்க உள்ளே பொருத்துவது), மூளை ரத்தக்குழாயில் போட்ட பழைய கிளிப், பட்டறை வேலையில் கண்ணுக்குள் தெறித்த இரும்புத் துகள். இவை இருந்தால், சொல்லாமல் அந்த அறைக்குள் கால் வைக்கக் கூடாது. படம் எடுக்காத நேரத்திலும் அந்தக் காந்தம் வேலை செய்துகொண்டுதான் இருக்கும்.

மெட்டி, வளையல், ஊக்கு, ஹேர்பின், கழற்றும் பல்செட் எல்லாம் வெளியிலேயே இருக்கட்டும். தங்கம் காந்தத்தில் ஒட்டாதே என்று பலர் தாலிச் சங்கிலியைக் கழற்றத் தயங்குவார்கள். ஒட்டாதுதான், ஆனால் ரேடியோ அலையில் உலோகம் சூடேறித் தோலைச் சுட்டுவிடலாம். அன்று மட்டும் மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டு கட்டிக்கொள்ளட்டும். ஜரிகைப் புடவையும் வேண்டாம். வலிக்கு ஒட்டிய மருந்துப் பட்டையையும் உரித்துவிடுங்கள். சிலவற்றின் பின்பக்கம் அலுமினியத் தாள் இருக்கும். உள்ளே கைகளைக் கோத்துக்கொள்ளாமல் பக்கவாட்டில் வைத்திருக்க வேண்டும்.

பயத்தை டெக்னீஷியனிடம் முன்பே சொல்லுங்கள். குழாயின் இரு முனையும் திறந்தே இருக்கும். வெளிச்சமும் காற்றும் உண்டு. சுமார் 20 முதல் 30 நிமிடம் அசையாமல் படுக்க வேண்டும். அசைந்தால் படம் மங்கி, மறுபடி எடுக்க நேரும். டமடமவென்று சத்தம் பலமாகக் கேட்கும், காதடைப்பான் தருவார்கள். கையில் ஒரு ரப்பர் பந்து கொடுப்பார்கள். அழுத்தினால் உடனே வெளியே எடுத்துவிடுவார்கள். உள்ளே போவதற்கு முன்பே கண்ணைத் துணியால் மூடிக்கொண்டால் பலருக்குப் பதற்றம் குறைகிறது. நீங்களாகத் தூக்க மாத்திரை கொடுக்காதீர்கள். இதய மாத்திரைகளை வழக்கம்போல் போடட்டும்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, மலவாயைச் சுற்றி மரத்தாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் போனாலோ, ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.