உப்பும் தண்ணீரும் ரத்த அமிலமும்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சிறுநீரக மருத்துவப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கோடை தொடங்கியதிலிருந்து வந்த கேள்விகளில் அதிகம் பேருக்குப் பயன்படக்கூடியவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (சேலம்): என் மூன்று வயதுப் பையனுக்கு வயிற்றுப்போக்கு. தண்ணீர் நிறையக் கொடுக்கிறேன். ஓ.ஆர்.எஸ். (உப்பு சர்க்கரைக் கரைசல்) கட்டாயமா? அதில் சர்க்கரை எதற்கு?

கட்டாயம் கொடுங்கள் அம்மா. பேதியில் தண்ணீரோடு சோடியம், பொட்டாசியம், அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட் எல்லாமே வெளியேறுகின்றன. வெறும் தண்ணீரையே கொடுத்துக்கொண்டிருந்தால், ரத்தத்தில் மிச்சமிருக்கும் சோடியமும் நீர்த்துப்போகும். சர்க்கரை ருசிக்காகச் சேர்ப்பதில்லை. சிறுகுடல் சுவரில் இருக்கும் ஒரு புரதம் குளுக்கோஸையும் சோடியத்தையும் சேர்த்தே உள்ளே இழுக்கிறது. அவற்றின் பின்னால் தண்ணீரும் போகிறது. காலராவில்கூட இந்த வழி அடைபடுவதில்லை. 1971 வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்க எல்லையில் இருந்த பன்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் சலைனுக்குத் தட்டுப்பாடு வந்தது. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பு சர்க்கரைக் கரைசலைக் குடிக்கக் கொடுத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. இத்தனை எளிய மருந்து இவ்வளவு உயிர்களைக் காப்பாற்றியதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

பாக்கெட்டில் எத்தனை தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ, அத்தனையிலும் முழுப் பாக்கெட்டையும் கரையுங்கள். டம்ளரில் குத்துமதிப்பாகக் கலக்க வேண்டாம். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். பெட்டிகளில் வரும் இனிப்புப் பானங்கள் இதற்கு ஈடாகாது. அதிகச் சர்க்கரை பேதியைக் கூட்டும். குழந்தை துவண்டுபோனாலோ, சிறுநீர் கழிப்பது நின்றாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி (மதுரை): அப்பாவுக்கு 74 வயது. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். திடீரென்று குழப்பமாகப் பேசினார், சோடியம் 118 என்றார்கள். உப்பைக் கூட்டினால் சரியாகுமா?

சோடியம் 135 முதல் 145 வரை இருக்க வேண்டும். அது குறைந்தால் உடம்பில் உப்பு போதவில்லை என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். பல நேரங்களில் உண்மையான காரணம் தண்ணீர் மிகுதி. தையசைடு வகை பிரஷர் மாத்திரை, சில மனநல மாத்திரைகள், நிமோனியா போன்றவற்றால் சிறுநீரகம் தண்ணீரை வெளியே விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். அப்போது மூளைச் செல்களுக்குள் தண்ணீர் புகுந்து வீங்கும், அதனால்தான் குழப்பம். எந்த மாத்திரைகள் சாப்பிடுகிறார் என்ற முழுப் பட்டியலையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

"இன்னும் ஏன் ஏறவில்லை?" என்று வார்டில் பதறுகிறவர்கள் உண்டு. மெதுவாக ஏற்றுவதுதான் சரி. ஒரு நாளில் சோடியத்தை 8 முதல் 10 புள்ளிகளுக்கு மேல் ஏற்றினால் மூளைத்தண்டின் நரம்பு உறைகள் சிதையலாம், அந்தச் சேதம் நிரந்தரமாகவும் ஆகலாம்.

கேள்வி (திருச்சி): டயாலிசிஸில் இருக்கும் அம்மாவுக்கு இளநீர் கொடுக்கலாமா?

வேண்டாம். இளநீரில் பொட்டாசியம் அதிகம். ரத்தத்தில் அது 5-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால், முன்னறிவிப்பே இல்லாமல் இதயத் துடிப்பு தடம்மாறும். "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்பதையும் தவிர்த்துவிடுங்கள், அதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கிறது. காய்களை நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிடுங்கள்.

கேள்வி (கோவை): தினமும் எத்தனை லிட்டர் குடிக்க வேண்டும்?

ஆரோக்கியமானவர் தாகத்துக்குக் குடித்தால் போதும். வெயிலில் உழைப்பவர் சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளட்டும். இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு டாக்டர் சொல்லும் அளவுதான்.

கேள்வி (தஞ்சாவூர்): கார நீர் (ஆல்கலைன் வாட்டர்) குடித்தால் ரத்தத்தில் அமிலம் குறையுமா? எனக்குச் சர்க்கரை நோயும் உண்டு.

குறையாது ஐயா. அந்த நீர் இரைப்பையின் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் விழுந்ததுமே காரத்தன்மையை இழந்துவிடும். ரத்தத்தின் அமில-கார அளவான பி.எச். 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் நிற்பதற்கு நுரையீரலும் சிறுநீரகமும்தான் காரணம். நுரையீரல் மூச்சின் வேகத்தை மாற்றி, கார்பன் டை ஆக்சைடை நிமிடங்களில் கூட்டிக் குறைக்கும். சிறுநீரகம் அமிலத்தை வெளியே தள்ளிப் பைகார்பனேட்டைக் காப்பாற்றும், அதற்குச் சில நாட்கள் பிடிக்கும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. இன்சுலின் போதாமல் போனால் கீட்டோன் அமிலங்கள் சேரும். சர்க்கரை ஏறியிருக்கும்போது வாந்தி, வயிற்றுவலி, ஆழமாக வேகமாக மூச்சு வாங்குதல் இவை வந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம், அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். சாப்பிட முடியவில்லை என்பதற்காக இன்சுலினை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.