எந்தக் கதவைத் தட்டுவது? சான்டா கிளாரா கவுன்டி குறித்த வாசகர் கேள்விகள்

கலிபோர்னியாவின் சான் ஹோசே, சன்னிவேல், கூபர்டினோ வட்டாரங்களிலிருந்து வந்த கடிதங்களில், பலருக்கும் பயன்படக்கூடிய ஏழு கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கவுன்டி என்பது நம் ஊர் மாவட்டம் போன்றதுதானே? அப்படியானால் இங்கே கலெக்டர் யார்? (மில்பிடாஸ் வாசகர்)

நிலப்பரப்பை வைத்து ஒப்பிட்டால் மாவட்டம் என்றே சொல்லலாம். ஆட்சிமுறை வேறு. நம் மாவட்ட ஆட்சியர் அரசால் நியமிக்கப்படும் அதிகாரி. இங்கே கவுன்டியை நடத்துவது, நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை வாக்காளர்கள் தேர்ந்தெடுக்கும் ஐந்து உறுப்பினர்கள் கொண்ட மேற்பார்வையாளர் அவை. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இக்கவுன்டியில் வாழ்வோர் 19,36,259 பேர் என்பதால், ஒவ்வோர் உறுப்பினரும் சுமார் 3.87 லட்சம் பேருக்குப் பதில் சொல்ல வேண்டியவராகிறார். அன்றாட நிர்வாகத்தை அவை நியமிக்கும் தலைமை நிர்வாகி கவனிக்கிறார். ஷெரிஃபும், அரசுத் தரப்பு வழக்குகளை நடத்தும் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னியும், சொத்து மதிப்பீட்டாளரான அசெசரும் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள்.

கலெக்டர் என்ற சொல்லின் சாயல் இங்கே வரி வசூல் துறையின் பெயரில் மட்டுமே இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் நம்மூர்க் கலெக்டருக்கும் வரி வசூல்தானே முதல் வேலை!

லாரன்ஸ் எக்ஸ்பிரஸ்வேயில் ஒரு பெரிய பள்ளம். நகராட்சிக்குப் புகார் செய்தேன். அது எங்கள் சாலை அல்ல என்கிறார்கள். தட்டிக்கழிக்கிறார்களா? (சன்னிவேல் வாசகர்)

இல்லை, உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். லாரன்ஸ், சான் டோமாஸ், மான்டேகு, சென்ட்ரல், கேப்பிடல், அல்மடன், ஃபுட்ஹில், ஓரிகன்-பேஜ் மில் ஆகிய எட்டு எக்ஸ்பிரஸ்வேக்களும், எந்த நகரத்தின் ஊடாகச் சென்றாலும், கவுன்டியின் சாலைத் துறைக்கு உரியவை. உங்கள் வீட்டு வாசலில் ஓடும் தெரு நகராட்சியுடையது. சன்னிவேல் வழியாகச் செல்லும் எல் கமினோ ரியால் மாநில நெடுஞ்சாலை எண் 82 என்பதால், அதைப் பராமரிப்பது மாநிலப் போக்குவரத்துத் துறையான கால்ட்ரான்ஸ். ஐந்து நிமிடக் கார்ப் பயணத்தில் மூன்று அரசுகளின் சாலைகளைக் கடந்துவிடுகிறோம்!

இதே குழப்பம் மற்ற சேவைகளிலும் உண்டு. பேருந்தும் இலகு ரயிலும் வி.டி.ஏ. என்ற தனி அமைப்பிடம் இருக்கின்றன. வெள்ளத் தடுப்பும் நீர்த்தேக்கங்களும் வேலி வாட்டர் என்ற தனி அமைப்பைச் சேர்ந்தவை. பள்ளிகளுக்குத் தனித்தனி வாரியங்கள் உள்ளன. கூபர்டினோவுக்கும் சாரடோகாவுக்கும் சொந்தமாகக் காவல் துறை கிடையாது. ஒப்பந்த அடிப்படையில் ஷெரிஃப் அலுவலகமே அங்கு காவல் பணி செய்கிறது. கவுன்டியில் உள்ள 15 நகரங்களின் எல்லைக்குள் வராத பகுதிகளில் வசிப்பவர்களுக்கோ, கட்டட அனுமதி உட்படப் பலவற்றுக்கும் கவுன்டியே நகராட்சி. புகார் எழுதும் முன் அந்த இடம் யாருடையது என்று பார்த்துக்கொண்டால் பாதி அலைச்சல் மிச்சமாகும்.

சென்ற அக்டோபரில் வீடு வாங்கினோம். சொத்து வரியை வங்கியே மாதத் தவணையோடு பிடித்துக் கட்டிவிடுகிறது. இப்போது எங்கள் பெயருக்குத் தனியாக ஏறத்தாழ 10,000 டாலருக்கு ஒரு வரிச்சீட்டு வந்திருக்கிறது. இது மோசடியா? (சான் ஹோசே வாசகர்)

மோசடியாக இருக்க வாய்ப்பில்லை. அது துணை வரிச்சீட்டு. இங்கே சப்ளிமென்டல் பில் என்பார்கள். புதிதாக வீடு வாங்கும் தமிழ்க் குடும்பங்களில் இதைக் கண்டு திடுக்கிடாதவர்கள் குறைவு.

1978இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 13ஆம் முன்மொழிவின்படி, கலிபோர்னியாவில் சொத்தின் அடிப்படை வரி அதன் மதிப்பீட்டில் 1 சதவீதம். அந்த மதிப்பீடும் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் உயரக் கூடாது. நெடுங்காலம் ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு இது பெரிய சலுகை. ஆனால் வீடு கைமாறினால் மதிப்பீடு அன்றைய சந்தை மதிப்புக்குத் தாவிவிடும். பழைய உரிமையாளரிடம் 3 லட்சம் டாலர் மதிப்பீட்டில் இருந்த வீட்டை நீங்கள் 18 லட்சத்துக்கு வாங்கியிருந்தால் வித்தியாசம் 15 லட்சம். அதில் 1 சதவீதம் 15,000 டாலர். வரி ஆண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. அக்டோபரில் வாங்கியதால் நவம்பர் முதல் எட்டு மாதங்களுக்கு இந்த வித்தியாசம் கணக்கிடப்பட்டு, சுமார் 10,000 டாலர் என்று சீட்டு வரும். உள்ளூர்ப் பத்திரக் கடன்களுக்கான கூடுதல் விகிதமும் அதில் சேரும். ஜனவரி 1க்கும் மே 31க்கும் இடையில் வாங்குபவர்களுக்கு இப்படி இரண்டு சீட்டுகள் வரும். இரண்டாவது அடுத்த வரி ஆண்டுக்கானது.

நீங்கள் கவனிக்க வேண்டியது, இந்தச் சீட்டு பொதுவாக வங்கிக்குப் போவதில்லை என்பதுதான். வழக்கமான வரியை வங்கி கட்டினாலும், துணை வரியை நீங்களே கட்ட வேண்டியிருக்கும். வங்கியைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கெடு தவறினால் 10 சதவீத அபராதம் விழும், சீட்டு கைக்கு வரவில்லை என்ற காரணம் எடுபடாது. வழக்கமான வரிக்கு டிசம்பர் 10, ஏப்ரல் 10 ஆகிய இரண்டும் கடைசி நாட்கள். துணை மதிப்பீடு கூடுதல் என்று கருதினால் அறிவிப்பு அனுப்பப்பட்ட நாளிலிருந்து 60 நாட்களுக்குள்ளும், வழக்கமான மதிப்பீட்டை எதிர்க்க ஜூலை 2 முதல் செப்டம்பர் 15க்குள்ளும் மேல்முறையீடு செய்யலாம்.

மோசடி என்று அஞ்ச வேண்டிய கடிதங்கள் வேறு வகையானவை. வீட்டுப் பத்திரத்தின் நகல் வாங்கித் தருகிறோம், குடியிருப்போர் விலக்குக்கு விண்ணப்பித்துத் தருகிறோம் என்று அரசு முத்திரை போன்ற ஒன்றை அச்சிட்டுத் தனியார் சிலர் பணம் கேட்பார்கள். நீங்களே குடியிருக்கும் வீட்டுக்கு மதிப்பீட்டில் 7,000 டாலர் குறைக்கும் அந்த விலக்குக்கு அசெசர் அலுவலகத்தில் கட்டணமே இல்லை. ஆண்டுக்குச் சுமார் 70 டாலர்தான் மிச்சம். ஆனாலும் ஒருமுறை விண்ணப்பித்தால் போதும் என்பதால் விட்டுவிடாதீர்கள்.

என் தாயார் கிரீன் கார்டு வைத்திருப்பவர். அவருக்கு நீதிமன்ற நடுவர் குழுவில் பணியாற்ற அழைப்பு வந்துள்ளது. குப்பையில் போட்டுவிடலாமா? (கூபர்டினோ வாசகர்)

கூடவே கூடாது. ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பதிவு, மாநில வருமான வரி ஆகிய பட்டியல்களிலிருந்து பெயர்களை எடுப்பதால், குடியுரிமை இல்லாதவர்களுக்கும் இந்த ஜூரி அழைப்பு வந்துவிடுகிறது. அமெரிக்கக் குடியுரிமை இல்லை என்ற கட்டத்தைக் குறித்துப் பதில் அனுப்பினால் விஷயம் முடிந்தது. பதிலே அனுப்பாமல் விட்டால் 1,500 டாலர் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. தவறியும் குடிமகன் என்ற கட்டத்தைக் குறித்துவிடாதீர்கள். பொய்யாகக் குடியுரிமை கோரியதாகப் பதிவானால், பின்னாளில் குடியேற்ற விண்ணப்பத்தில் அது பெரும் சிக்கலாகும். ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போது வாக்காளர் பதிவு பற்றிக் கேட்கும் கேள்விக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

நவம்பர் 2025 தேர்தலில் ஏதோ விற்பனை வரி நிறைவேறியதாமே. அரிசி, பருப்புக்கும் கூடுமா? (சான்டா கிளாரா வாசகர்)

உயராது. வீட்டில் சமைக்க வாங்கும் பெரும்பாலான உணவுப் பொருட்களுக்குக் கலிபோர்னியாவில் விற்பனை வரி கிடையாது. நீங்கள் குறிப்பிடுவது மெஷர் ஏ என்ற கவுன்டி வாக்கெடுப்புத் தீர்மானம். டாலருக்கு 5/8 சென்ட், அதாவது 100 டாலர் பொருளுக்கு 62.5 சென்ட், ஐந்து ஆண்டுகளுக்கு.

மத்திய அரசு மருத்துவ உதவி நிதியைக் குறைத்ததே இந்த வரி முன்வைக்கப்பட்டதற்குக் காரணம். இந்தக் கவுன்டி மருத்துவமனைகளைத் தானே நடத்துகிறது. வேலி மெடிக்கல் சென்டருடன், 2019இல் ஓ'கானர், செயின்ட் லூயிஸ் ஆகியவற்றையும், ஏப்ரல் 2025இல் ரீஜனல் மெடிக்கல் சென்டரையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: இது பொது வரி. பாதிக்கு மேற்பட்ட வாக்குகளே போதும் என்ற வசதிக்கு விலையாக, வரும் பணத்தை மருத்துவமனைகளுக்கு மட்டுமே செலவிட வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் இல்லாமல் போகிறது. ஆகவே ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்ட விவாதத்தைக் கவனிப்பது நம் வேலை.

வீட்டிலேயே பிஸ்கட், கேக், வறுத்த கடலை செய்து விற்க நினைக்கிறேன். இட்லி மாவும் சேர்க்கலாமா? (ஃப்ரீமான்ட் எல்லையருகே வசிக்கும் மில்பிடாஸ் வாசகி)

முதல் மூன்றும் சரி, மாவு கூடாது. 2013இல் நடைமுறைக்கு வந்த மாநிலச் சட்டம், குளிர்பதனம் தேவைப்படாத, எளிதில் கெடாத உணவுகளை வீட்டுச் சமையலறையில் செய்து விற்க அனுமதிக்கிறது. நேரடியாக வாடிக்கையாளருக்கே விற்பது ஏ வகுப்பு. அதற்குக் கவுன்டியின் சுற்றுச்சூழல் சுகாதாரத் துறையில் பதிவு செய்தால் போதும். கடைகள் வழியாகவும் விற்பது பி வகுப்பு. அதற்குச் சமையலறைச் சோதனையும் உண்டு. வீட்டுச் சமையலறையில் தயாரித்தது என்பதைப் பொட்டலத்தின் லேபிளில் அச்சிட வேண்டும். கிரீம் நிரப்பிய கேக், சட்னி, சாம்பார் எதுவும் இந்த அனுமதிக்குள் வராது. ஃப்ரீமான்ட் அலமீடா கவுன்டியைச் சேர்ந்தது. நீங்கள் பதிவு செய்ய வேண்டியது நீங்கள் வசிக்கும் கவுன்டியில்.

இங்கே பிறந்த மகளின் பிறப்புச் சான்றிதழை இந்தியாவில் காட்ட அப்போஸ்டில் முத்திரை வேண்டும். கவுன்டியிலேயே கிடைக்குமா? மேலும், குடிமக்களாக இல்லாத நாங்கள் மேற்பார்வையாளர் அவைக் கூட்டத்தில் பேசலாமா? (மவுன்டன் வியூ வாசகர்)

கவுன்டி தருவது சான்றிதழை மட்டும். அந்த ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குச் சான்றளிக்கும் அப்போஸ்டிலைத் தருவது மாநிலச் செயலர் அலுவலகம். இதில் பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. அண்மையில் பிறந்த குழந்தைகளுக்குச் சுகாதாரத் துறை தரும் சான்றிதழில் சுகாதார அதிகாரியின் கையொப்பம் இருக்கும். அதை முதலில் கவுன்டி கிளார்க்கிடம் காட்டி உறுதிச்சான்று பெற்ற பிறகே மாநில அலுவலகம் ஏற்கும். கிளார்க்-ரெக்கார்டர் கையொப்பமிட்ட சான்றிதழாக வாங்கினால் அந்தப் படி மிச்சம். தகவலுக்கு மட்டும் என்று அச்சிட்ட நகலை வாங்காமல், உரியவருக்கான சான்றளிக்கப்பட்ட நகலையே கேளுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு: தாராளமாகப் பேசலாம். 1953ஆம் ஆண்டு பிரவுன் சட்டத்தின்படி, வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் 72 மணி நேரத்துக்கு முன்பே வெளியிடப்பட வேண்டும். பொதுமக்கள் பேச நேரமும் ஒதுக்கப்பட வேண்டும். குடியுரிமையை யாரும் கேட்பதில்லை. அவை செவ்வாய்க்கிழமைகளில் சான் ஹோசேயின் வெஸ்ட் ஹெடிங் தெருவில் 70ஆம் எண் கட்டடத்தில் கூடுகிறது. பேசக் கிடைப்பது ஓரிரு நிமிடங்களே என்பதால், கேட்க வேண்டியதை முதல் வாக்கியத்திலேயே கேட்டுவிடுங்கள்.