மூளைக்குத் தெரியும், ஏதோ தப்பு என்று

கேள்வி: கம்ப்யூட்டர் ஏதாவது தப்பாகச் செய்தால், நாம் 'ச்சே' என்று சொல்வதற்கு முன்பே மூளையில் ஒரு சிக்னல் வந்துவிடுமாமே, நிஜமா? (வாசகர், ஈரோடு)

நிஜம்தான். முதலில் கண்டுபிடித்தது நம்முடைய சொந்தத் தப்புக்கு வரும் சிக்னலைத்தான். 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ஃபால்கன்ஸ்டைன் குழுவும் அமெரிக்காவில் கெஹ்ரிங் குழுவும், ஆட்களை வேகவேகமாகப் பொத்தான் அழுத்தச் சொல்லி இ.இ.ஜி. (தலைமேல் எலக்ட்ரோடு என்ற சின்ன உலோகத் தகடுகளை வைத்து மூளையின் மின் அலையைப் பதிவது) எடுத்தார்கள். தப்பான பொத்தானைத் தட்டிய 100 மில்லிநொடிக்குள் முன்மண்டையின் நடுப்பக்கம் மின்னழுத்தம் சட்டென்று மைனஸ் பக்கம் இறங்கியது. தப்பு மெஷினுடையது என்றால், திரையைப் பார்த்த பிறகுதானே தெரியும், அதனால் இது கொஞ்சம் தாமதமாக, கால் நொடி வாக்கில் வருகிறது. சுவிட்சர்லாந்தில் ஃபெர்ரெஸ், மில்யான் என்ற இருவர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், கொடுத்த கட்டளையை மெஷின் வேண்டுமென்றே 5க்கு ஒரு தடவை மாற்றிச் செய்தது. அந்த அலையை வைத்தே 'இது சரி, இது தப்பு' என்று சுமார் 80 சதவீதம் பிரித்துவிட்டார்கள், அதுவும் ஒவ்வொரு தடவையையும் தனித்தனியாகப் பார்த்து. ஒரு வேடிக்கை என்னவென்றால், மெஷின் அடிக்கடி சொதப்பினால் அலை சின்னதாகிவிடும், எதிர்பார்த்த தப்புக்கு மூளை அவ்வளவாக அலட்டிக்கொள்வதில்லை.

கேள்வி: அப்போ பேக்ஸ்பேஸ் பட்டனைத் தூக்கிப் போட்டுவிடலாமா? (வாசகி, திருநெல்வேலி)

அவசரப்படாதீர்கள், ஒரு கணக்குப் போடுவோம். உங்கள் கீபோர்டு 100க்கு 95 எழுத்தைச் சரியாகப் போடுகிறது, தப்பு அலையைப் படித்து எழுத்தை அழிக்கத் தலையில் மாட்டிய கருவி 80 சதவீதம் சரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 தப்பில் 4ஐப் பிடித்துவிடும், பிரமாதம். ஆனால் சரியாக விழுந்த 95இல் 19ஐயும் தப்பு என்று அழித்துவிடும்! நமக்கு இது வெறும் தொல்லை. கை கால் அசையாமல், மூளை அலையாலேயே எழுத்தைத் தேர்ந்தெடுக்கும் நோயாளிக்குக் கதை வேறு: அந்த முறையில் தப்பு நிறைய விழும், அழிக்க விரலும் கிடையாது. 100க்கு 30 தப்பு விழுகிறது என்றால் அதே கருவி 24ஐப் பிடிக்கும், 14ஐத்தான் வீணாக அழிக்கும். எனக்கு இதுதான் உருப்படியான பயன் என்று தோன்றுகிறது.

கேள்வி: மனசில் இருப்பதை ரோபோவே தெரிந்துகொண்டு வேலை செய்யும் என்று படித்தேனே? (வாசகர், கும்பகோணம்)

2017இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யும் பாஸ்டன் பல்கலைக்கழகமும் காட்டிய பாக்ஸ்டர் ரோபோவைச் சொல்கிறீர்கள் போல. பெயின்ட் டப்பாவையும் ஒயர் சுருளையும் அதனதன் பெட்டியில் போட வேண்டும். அது தப்பான பக்கம் கை நீட்டியதும், பார்த்துக்கொண்டிருக்கும் ஆளின் மூளை அலையைப் படித்து, கையை மறுபக்கம் திருப்பிக்கொண்டது. ஆனால் அங்கே இருந்தது இரண்டே பெட்டி. இது இல்லையென்றால் அதுதான், யோசிக்க என்ன இருக்கிறது? இந்தச் சிக்னல் 'ஏதோ தப்பு' என்று மட்டும்தான் சொல்லும், எது சரி என்று சொல்லாது. பத்துப் பெட்டி வைத்திருந்தால் ரோபோ மீதி ஒன்பதில் எதில் போடுவது என்று முழித்திருக்கும். அப்புறம், இதெல்லாம் எலக்ட்ரோடு தொப்பி மாட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தால்தான். அலை சில மைக்ரோவோல்ட்தான், கண் சிமிட்டினாலே அதைவிடப் பெரிய அலை வந்து மேலே உட்கார்ந்துகொள்ளும்.