1824-ஆம் ஆண்டு அட்டவணையில் நியூயார்க்கின் வாக்குகள் எங்கே?

கேள்வி: தொலைநிலைக் கல்வியில் முதுகலை வரலாறு படிக்கிறேன். அமெரிக்க வரலாற்றுத் தாளுக்காக 1824 குடியரசுத் தலைவர் தேர்தல் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும். மக்கள் வாக்கிலும் தேர்வாளர் வாக்கிலும் ஆண்ட்ரூ ஜாக்சனே முதலிடம் என்றும், ஹென்றி கிளேயுடன் செய்துகொண்ட ‘ஊழல் பேரத்தால்’ ஜான் குவின்சி ஆடம்ஸ் பதவிக்கு வந்தார் என்றும் என்னிடம் உள்ள நூல்கள் சொல்கின்றன. மக்கள் தேர்ந்தெடுத்தவர் ஏமாற்றப்பட்டார் என்று எழுதலாமா? பேரத்தை உண்மை என்று எழுதுவதா, குற்றச்சாட்டு என்று எழுதுவதா? மக்கள் வாக்கு எண்ணிக்கை நூலுக்கு நூல் மாறுகிறதே, எதை எடுத்துக்கொள்வது?

பதில்: உங்கள் மூன்று ஐயங்களும் ஓர் இடத்தில்தான் முடிச்சிட்டிருக்கின்றன. நூல்களின் அட்டவணையில் ‘மக்கள் வாக்கு’ என்ற தலைப்பில் வரும் பத்தி நாடு முழுவதன் வாக்கும் அன்று. அது விளங்கிவிட்டால் மற்றவை தாமாகவே ஒழுங்குக்கு வந்துவிடும்.

முதலில் ஐயத்துக்கு இடமில்லாத எண்கள். அப்போது 24 மாநிலங்கள். மாநிலங்களின் சார்பில் குடியரசுத் தலைவருக்கு வாக்களிக்கும் தேர்வாளர்கள் மொத்தம் 261 பேர். வெற்றிக்கு 131 வேண்டும். ஜாக்சன் 99, ஆடம்ஸ் 84, கருவூல அமைச்சர் வில்லியம் கிராஃபோர்டு 41, பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர் ஹென்றி கிளே 37. நால்வரும் ஒரே கட்சியின் பெயரைச் சொல்லிக்கொண்டவர்கள். ஜெஃபர்சனின் குடியரசுக் கட்சியை எதிர்த்து நின்ற ஃபெடரலிஸ்டுகள் அதற்குள் கரைந்துபோயிருந்ததால், போட்டி கட்சிகளுக்கு இடையே நடக்கவில்லை, ஆட்களுக்கு இடையே நடந்தது. காங்கிரஸ் உறுப்பினர்கள் கூடி வேட்பாளரை அறிவிக்கும் பழைய வழக்கமும் அந்த ஆண்டு செல்லாக்காசானது. 1824 பிப்ரவரியில் நடந்த அந்தக் கூட்டத்துக்கு வந்தவர்கள் வெறும் 66 பேர். அவர்கள் கிராஃபோர்டை முன்மொழிந்தது அவருக்கு உதவியதைவிடக் கெடுதல் செய்ததே அதிகம். முந்தைய ஆண்டு பக்கவாதம் தாக்கி அவர் உடலும் தளர்ந்திருந்தார்.

இனி மக்கள் வாக்கு. தேர்வாளர்களை எப்படி நியமிப்பது என்பதை அரசமைப்பு அந்தந்த மாநிலச் சட்டமன்றத்திடமே விட்டிருந்தது. 1824-இல் டெலவர், ஜார்ஜியா, லூசியானா, நியூயார்க், தென் கரோலினா, வெர்மாண்ட் ஆகிய ஆறு மாநிலங்களில் சட்டமன்ற உறுப்பினர்களே தேர்வாளர்களைத் தெரிந்தெடுத்தார்கள்; மக்கள் அதற்காக வாக்குச்சாவடிக்கே போகவில்லை. இவற்றுள் நியூயார்க் மக்கள்தொகையில் நாட்டின் முதல் மாநிலம், 36 தேர்வாளர்களைக் கொண்டது. அந்த 36 பேரில் 26 பேர் ஆடம்ஸுக்கும், 5 பேர் கிராஃபோர்டுக்கும், 4 பேர் கிளேக்கும், ஒரே ஒருவர் ஜாக்சனுக்கும் வாக்களித்தார்கள். ஆக, ஆடம்ஸ் பெற்ற 84-இல் 26 நியூயார்க்கிலிருந்து வந்தவை. அவற்றுக்கு நேராக மக்கள் வாக்குப் பத்தியில் ஒரு வாக்குகூட இருக்காது. வெர்மாண்டின் ஏழும் அப்படியே. ஜாக்சன் பக்கத்திலும் இந்த இடைவெளி உண்டு; தென் கரோலினாவின் 11, லூசியானாவின் 3 ஆகியவை சட்டமன்றம் தந்தவை. ஆனால் அவருக்குப் பேராதரவு அளித்த பென்சில்வேனியாவில் மக்களே வாக்களித்தார்கள். நியூயார்க் மக்கள் வாக்களித்திருந்தால் யார் முந்தியிருப்பார் என்று இன்று யாராலும் அறுதியிட முடியாது; அதனாலேயே ‘மக்கள் வாக்கில் ஜாக்சன் வென்றார்’ என்ற வாக்கியம் அது தாங்கக்கூடியதைவிட அதிகச் சுமையைச் சுமக்கிறது.

வாக்களித்த 18 மாநிலங்களிலும் போட்டி ஒரே சீராக நடக்கவில்லை. நால்வருக்கும் எல்லா மாநிலங்களிலும் தேர்வாளர் பட்டியல் கிடையாது. நியூ இங்கிலாந்தின் பெரும்பகுதியில் ஜாக்சனுக்கென்று வாக்கு ஏறக்குறைய இல்லை. கென்டக்கியில் ஆடம்ஸுக்கு இல்லை. வாக்குரிமை பெற்ற வெள்ளை ஆண்களிலும் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டவர்களே வந்து வாக்களித்தார்கள். பல இடங்களில் முடிவு முன்பே தெரிந்திருந்தது என்பது அதற்கு ஒரு காரணம்.

தேர்வாளர் எண்ணிக்கையையும் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். அடிமைப்பட்டவர்களில் ஐந்தில் மூன்று பங்கினரைக் கணக்கில் சேர்த்தே மாநிலங்களுக்குச் சபை இடங்களும், அதன் வழியே தேர்வாளர்களும் ஒதுக்கப்பட்டார்கள். ஜாக்சனின் 99-இல் 55 அடிமைமுறை நிலவிய மாநிலங்களிலிருந்து வந்தவை. ஆடம்ஸின் 84-இல் அப்படி வந்தவை 6 மட்டுமே. வாக்குரிமையே இல்லாத மனிதர்களின் தலைக்கணக்கு ஜாக்சனின் முன்னிலையைப் பெருக்கிக் காட்டியது. ‘மக்கள் தலைவர்’ என்ற சொல்லைக் கட்டுரையில் பயன்படுத்துவதாக இருந்தால், இந்தச் செய்தியையும் அதன் பக்கத்திலேயே வையுங்கள். என் மாணவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் இடம் இது.

யாருக்கும் 131 கிடைக்காததால் முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போயிற்று. 1800 தேர்தலில் ஜெஃபர்சனும் பர்ரும் ஆளுக்கு 73 பெற்றுச் சமநிலையில் நின்று, 36 சுற்று வாக்கெடுப்புக்குப் பிறகே தீர்வு கண்ட குழப்பத்தைத் தொடர்ந்து, 1804-இல் நிறைவேறிய 12-ஆம் திருத்தம் இதற்கு வழி வகுத்திருந்தது. முதல் மூவரிலிருந்து ஒருவரைச் சபை தேர்ந்தெடுக்க வேண்டும். மாநிலத்துக்கு ஒரு வாக்கு. உறுப்பினர் எத்தனை பேர் இருந்தாலும் சரி. நான்காம் இடத்தில் இருந்த கிளே போட்டியிலிருந்து விழுந்தார், ஆனால் சபாநாயகர் நாற்காலியில் இருந்தார். (நம் மக்களவைச் சபாநாயகரைப் போல ஒதுங்கி நிற்கும் நடுவராக அவரை எண்ணிவிட வேண்டாம். அமெரிக்கச் சபாநாயகர் பெரும்பான்மை அணியின் தலைவர். அந்தப் பதவியை அவ்வளவு வலிமை உடையதாக ஆக்கியவரே கிளேதான்.)

1825 பிப்ரவரி 9 அன்று, முதல் வாக்கெடுப்பிலேயே ஆடம்ஸுக்கு 13 மாநிலங்கள், ஜாக்சனுக்கு 7, கிராஃபோர்டுக்கு 4. தேவைப்பட்டதும் சரியாக 13. கிளே வென்றிருந்த கென்டக்கி, ஒஹாயோ, மிசௌரி மூன்றும் ஆடம்ஸுக்குப் போயின. தேர்வாளர்களில் பெரும்பங்கை ஜாக்சனுக்குத் தந்திருந்த இல்லினாய், மேரிலாந்து, லூசியானா ஆகியவையும் சபையில் ஆடம்ஸ் பக்கம் சாய்ந்தன. நியூயார்க்கின் 34 உறுப்பினர்களில் 18 பேர் ஆடம்ஸுக்கு வாக்களித்தார்கள். ஒருவர் மாறியிருந்தால் அந்த மாநிலத்தின் வாக்கே எண்ணிக்கையில் வந்திராது. அந்த ஒருவர் என்று சுட்டப்படுபவர் ஸ்டீபன் வான் ரென்சலேர். அவர் கண்மூடி வேண்டிக்கொண்டு, விழித்தபோது காலடியில் ஆடம்ஸ் பெயர் எழுதிய சீட்டு கிடந்ததைக் கடவுளின் விடையாகக் கொண்டார் என்று ஒரு கதை உண்டு. அது மார்ட்டின் வான் பியூரன் தம் தன்வரலாற்றில் சொன்னது. கதை சுவையானதுதான், சொன்னவர் கிராஃபோர்டுக்காக நியூயார்க்கில் பாடுபட்டுத் தோற்றவர் என்பதைச் சேர்த்துப் படியுங்கள்.

இப்போது பேரம். ஆடம்ஸ் தம் நாட்குறிப்பில் 1825 ஜனவரி 9 மாலை கிளே வந்து நெடுநேரம் பேசியதை எழுதியிருக்கிறார். பொதுக்கொள்கைகள் சிலவற்றில் மட்டும் தெளிவு வேண்டும், தமக்கென எதையும் கேட்கவில்லை என்று கிளே சொன்னதாகவும், ஆடம்ஸையே ஆதரிக்கப்போவதாகத் தெரிவித்ததாகவும் குறிப்பு சொல்கிறது. அந்த மாத இறுதியில், பென்சில்வேனியா உறுப்பினர் ஜார்ஜ் கிரெமர் எழுதிய கையொப்பமில்லாத கடிதம் ஒன்று ஃபிலடெல்ஃபியா இதழில் வெளிவந்து, பதவிக்காகக் கிளே விலைபோனார் என்று குற்றம் சாட்டியது. கிளே விசாரணை கோரினார், குழுவும் அமைக்கப்பட்டது, கிரெமர் அதன்முன் சாட்சி சொல்ல மறுத்துவிட்டார். தேர்வு முடிந்த சில நாட்களுக்குள் ஆடம்ஸ் கிளேயை வெளியுறவு அமைச்சராக்கினார். ‘மேற்கின் யூதாஸ்’ முப்பது வெள்ளிக்காசைப் பெற்றுக்கொண்டான் என்ற கருத்தில் ஜாக்சன் நண்பருக்குக் கடிதம் எழுதியது அப்போதுதான். ஜெஃபர்சன், மேடிசன், மன்றோ, ஆடம்ஸ் என நால்வர் அந்தப் பதவியிலிருந்து குடியரசுத் தலைவர் பதவிக்கு ஏறியிருந்ததால், அது வெறும் அமைச்சர் பதவியாக யார் கண்ணுக்கும் படவில்லை.

இன்ன பதவிக்கு இன்ன வாக்கு என்று இருவரும் பேசிக்கொண்டதற்கு நேரடிச் சான்று எதுவும் கிடைத்ததில்லை. 1827-இல் ஜாக்சன் தம்மிடம் தூது வந்தவர் என்று ஜேம்ஸ் புக்கானனைச் சுட்டினார். புக்கானனோ தாம் கிளேயின் தூதராகப் போகவில்லை என்று வெளிப்படையாக எழுதிவிட்டார். பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான அந்தப் புக்கானன் அப்போது ஜாக்சனின் ஆதரவாளர் என்பதால் அவர் மறுப்புக்கு எடை கூடுதல். மறுபுறம், பேரம் பேசாமலேயே ஆடம்ஸை ஆதரிக்கக் கிளேயிடம் காரணங்கள் இருந்தன. காப்புவரி, தேசிய வங்கி, சாலை கால்வாய்ப் பணிகள் என்ற அவருடைய திட்டத்துக்கு ஆடம்ஸே நெருக்கமானவர். ஃப்ளோரிடாப் படையெடுப்புக்காக ஜாக்சனை 1819-லேயே சபையில் கடுமையாகக் கண்டித்தவர் கிளே. மேற்கு மாநிலங்களின் ஆதரவுக்குத் தமக்குப் போட்டியாளர் ஜாக்சனே என்ற கணக்கும் அவருக்கு இருந்திருக்கும். ஆனால் ஜாக்சனை ஆதரிக்குமாறு கென்டக்கிச் சட்டமன்றம் கேட்டுக்கொண்டதை மீறி, அந்த மாநில உறுப்பினர்கள் 8-க்கு 4 என்று ஆடம்ஸுக்கு வாக்களித்தார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. ஆகவே ‘ஊழல் பேரம் என்று ஜாக்சன் அணி குற்றம் சாட்டியது, ஒப்பந்தத்துக்குச் சான்று இல்லை, நியமனம் அரசியல் அறிவின்மை’ என்று எழுதுவது நேர்மையாக இருக்கும். கடைசிப் பகுதி என் கருத்து. அப்பதவியைக் கிளே மறுத்திருந்தால் குற்றச்சாட்டு சில மாதங்களில் ஓய்ந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

‘ஏமாற்றப்பட்ட மக்கள்’ என்ற வடிவம் அட்டவணையிலிருந்து பிறந்ததில்லை. அடுத்த தேர்தலுக்கான பரப்புரையில் பிறந்தது. 1825 அக்டோபரிலேயே டென்னசிச் சட்டமன்றம் ஜாக்சனை மீண்டும் முன்மொழிந்தது; அவர் செனட் பதவியைத் துறந்தார். அதற்குப் பிந்தைய மூன்று ஆண்டுகளும் அந்த ஒரே முழக்கத்தைச் சுற்றி ஒரு கட்சி கட்டப்பட்டது. 1828-இல் சட்டமன்றமே தேர்வாளர்களை நியமித்த மாநிலங்கள் டெலவரும் தென் கரோலினாவும் மட்டும். முந்தைய தேர்தலில் நான்கு லட்சத்துக்கும் குறைவாக இருந்த மொத்த வாக்கு பதினொரு லட்சத்தைத் தாண்டியது. ஜாக்சன் 178, ஆடம்ஸ் 83. மக்கள் தேர்ந்தெடுத்தவர் ஜாக்சன் என்று தயங்காமல் எழுதக்கூடிய ஆண்டு இதுதான்.

எண்கள் மாறுவதற்கு எளிய காரணம் உண்டு. அன்று நாடு முழுவதன் வாக்கைத் தொகுத்த அரசு அலுவலகம் எதுவும் இல்லை. மக்கள் வாக்களித்தது தேர்வாளர்களுக்கு. சில மாநிலங்களில் மாவட்ட வாரியாக. பிற்காலத்தவர் மாநிலப் பதிவுகளையும் நாளிதழ்களையும் கொண்டு தனித்தனியே கூட்டினார்கள். எந்தத் தேர்வாளரின் வாக்கை எந்த வேட்பாளர் கணக்கில் சேர்ப்பது என்பதில் வேறுபட்டார்கள். ஆகவே கடைசி இலக்கம் வரை எழுதாமல், ஜாக்சனுக்குச் சுமார் 1.5 லட்சம் (41 விழுக்காடு), ஆடம்ஸுக்கு 1.1 லட்சத்துக்குச் சற்று மேல் (31 விழுக்காடு) என்று எழுதி, பத்தியின் தலைப்பை ‘மக்கள் வாக்கு (18 மாநிலங்கள் மட்டும்)’ என்று திருத்திக்கொள்ளுங்கள்.