டெமோவுக்கு முன் "முடியைச் சரிசெய்து வாருங்கள்" என்றேன்; இப்போது என்ன செய்வது?

கேள்வி: வணக்கம் மேடம். டெக்சாஸில், டாலஸ் பக்கம் ஒரு பெரிய ஐ.டி. சர்வீசஸ் கம்பெனியில் டெலிவரி மேனேஜராக இருக்கிறேன். எச்-1பி விசா, கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறேன். என் டீமில் ஒன்பது பேர். அதில் ஒரு கறுப்பினப் பெண், டேட்டா அனலிஸ்ட், வேலையில் கெட்டிக்காரர். பல வருடங்களாகத் தலையில் லாக்ஸ் வைத்திருக்கிறார், சடை சடையாகத் திரண்டு தொங்குமே, அது. கிளையன்டின் மேலதிகாரிகளுக்கு ஒரு டெமோ காட்ட வேண்டும். கிளையன்ட் பக்கத்து ஆள் ஒருவர் போனில், "அந்தப் பொண்ணைக் கொஞ்சம் பாலிஷ்டாக வரச் சொல்லுங்கள்" என்றார். நான் அந்த அனலிஸ்டுக்கு டீம்ஸில், "டெமோ அன்று முடியை ஸ்ட்ரெய்ட்டன் செய்து நீட்டாக வர முடியுமா?" என்று எழுதினேன். "இது கம்பெனி பாலிசியா? தயவுசெய்து மெயிலில் அனுப்புங்கள்" என்று பதில் வந்தது. பயந்துபோய் எச்.ஆரிடம் சொன்னேன். இது பற்றி அவரிடம் பேசவேண்டாம் என்றார்கள். என் மேலாளரோ, "டெமோவுக்கு வேற ஆளைப் போடு, இவங்க வேலையில இருக்கிற குறைகளை இப்போதிருந்தே எழுதி வை" என்கிறார். நான் செய்தது குற்றமா? அந்த மெசேஜை அழித்துவிடலாமா? என் விசாவுக்கு ஆபத்து வருமா? சென்னை ஆபீஸில் "ஷேவ் பண்ணிட்டு வா, சட்டையை டக் பண்ணு" என்று டீமிடம் சொல்வது சகஜம்தான். இனத்தை மனதில் வைத்து நான் எதுவும் சொல்லவில்லை.

பதில்: முதலில் அந்த மெசேஜ். அதைத் தொடாதீர்கள். அழித்தால் உங்கள் திரையிலிருந்து போகும். கம்பெனி சர்வரிலிருந்து பெரும்பாலும் போகாது. "மெயிலில் அனுப்புங்கள்" என்று கேட்டவர் ஸ்கிரீன்ஷாட் எடுக்காமல் இருந்திருப்பாரா? பணியாளர் தொடர்பான ஆவணங்களைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்பது ஃபெடரல் விதி. புகார் பதிவாகிவிட்டால் அது முடியும்வரை. விசாரணையைத் தடுப்பதற்காக ஆவணத்தை அழிப்பது தனிக் கிரிமினல் குற்றம். இப்போது உங்களிடம் இருப்பது வெறும் சிவில் பிரச்சினை. அதைக் கிரிமினல் ஆக்கிக்கொள்ள ஒரு டெலிட் பட்டன் போதும்.

ஆக, முதல் கேள்விக்கும் பாதிப் பதில் கிடைத்துவிட்டது: நீங்கள் எழுதியது குற்றமல்ல, யாரும் உங்களைக் கைது செய்ய வரமாட்டார்கள். ஆனால் தவறு. எப்படித் தவறு என்பதை விளக்கியாக வேண்டும், ஏனென்றால் அது உங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை என்று உங்கள் கடைசி வரி சொல்கிறது.

லாக்ஸ் என்பது காலையில் போட்டு மாலையில் அவிழ்க்கும் அலங்காரம் அல்ல. சுருண்ட முடி மாதக்கணக்கில் ஒன்றோடொன்று பின்னித் திரண்டு உருவாவது. பல வருடம் முதிர்ந்த லாக்ஸை அயர்ன் வைத்து நேராக்க முடியாது. எடுக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் வெட்டித்தான் ஆக வேண்டும். "ஸ்ட்ரெய்ட்டன் செய்து வா" என்று நீங்கள் எழுதியதை அவர் எப்படிப் படித்திருப்பார்? ஒரு மணி நேர டெமோவுக்காகப் பல வருடத்து முடியை வெட்டிவிட்டு வா என்று. "ஷேவ் பண்ணிட்டு வா"வோடு இதை ஒப்பிடாதீர்கள். தாடி இரண்டு வாரத்தில் திரும்ப வரும். அதைவிட முக்கியமாக, அந்த விதி எல்லா ஆண்களையும் ஒரே மாதிரி தொடுகிறது. (தாடியிலும் மத நம்பிக்கை, தோல் நோய் என்று சிக்கல்கள் உண்டு. அது வேறு கதை.) லாக்ஸ் இல்லாத சுருட்டை முடிக்காரராக இருந்தாலும் நேராக்குவது சின்ன வேலை இல்லை. ரிலாக்சர் என்னும் ரசாயனம் தலைத்தோலைப் பொசுக்கக்கூடியது. ஓராண்டில் நான்கு தடவைக்கு மேல் முடி நேராக்கும் ரசாயனம் பயன்படுத்திய பெண்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல் இருந்ததாக அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆய்வு ஒன்று 2022இல் சொன்னது.

நம் பேச்சிலும் இந்தக் கோணல் உண்டு. எண்ணெய் வைத்துப் படியச் சீவினால் ஒழுங்கு. எழும்பி நின்றால் "பரட்டை". உங்கள் "நீட்" அந்த அகராதியிலிருந்து வந்தது என்று நினைக்கிறேன். அவர் தலையில் முளைக்கும் முடி படியாது. படிந்த முடியைத்தான் ஒழுங்கு என்று வைத்தால், அவர் பிறந்ததிலிருந்தே ஒழுங்கில்லாதவர் என்று ஆகிவிடும்.

சட்டம் இதைப் புரிந்துகொள்ள அரை நூற்றாண்டு எடுத்துக்கொண்டது. இனப் பாகுபாட்டைத் தடுக்கும் 1964ஆம் ஆண்டு சிவில் உரிமைகள் சட்டத்தில் முடி பற்றி ஒரு சொல் கிடையாது. சுருட்டை முடியை வட்டமாக விரித்துவிடும் ஆஃப்ரோவுக்காகத் தன்னை ஒதுக்கினார்கள் என்று ஒரு பெண் கொண்டுவந்த வழக்கை 1976இல் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றமான ஏழாம் சர்க்யூட் இனப் பாகுபாட்டு வழக்காக ஏற்றது. ஆனால் 1981இல், தலையோடு ஒட்டிப் பின்னிய கார்ன்ரோ பின்னலுக்குத் தடை போட்ட அமெரிக்கன் ஏர்லைன்ஸ் மீது ஊழியர் ஒருவர் போட்ட வழக்கு நியூயார்க்கில் தோற்றது. பின்னல் பிறவி அடையாளம் அல்ல, எளிதில் மாற்றிக்கொள்ளலாம் என்றார் நீதிபதி. வேலை நேரத்தில் ஹேர்பீஸ் (பொய்முடி) வைத்து மறைத்துக்கொள்ளக் கம்பெனி அனுமதித்திருந்தது. அதனால் கடுமையான தலைவலி வருகிறது என்று அந்தப் பெண் சொன்னார். அப்படியானால் இன்னும் பெரிய ஹேர்பீஸ் வாங்கலாமே என்ற பொருளில் தீர்ப்பில் ஒரு வரி இருக்கிறது. சட்டக் கல்லூரியில் அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கட்சிக்காரர்களோடு உட்கார்ந்து பேசத் தொடங்கிய பிறகு வரவில்லை.

உங்கள் நிலைமைக்கு இன்னும் நெருக்கமானது அலபாமாவின் மொபீல் நகரத்து வழக்கு. 2010இல் ஒரு கறுப்பினப் பெண்ணுக்குக் கால் சென்டர் வேலை தருவதாகச் சொல்லிவிட்டு, லாக்ஸை வெட்ட மறுத்தார் என்று திரும்ப எடுத்துக்கொண்டார்கள். இந்த மாதிரி முடி கலைந்துபோகும், உங்களுடையது அப்படி என்று சொல்லவில்லை, ஆனாலும் உங்களுக்கே தெரியுமே என்று எச்.ஆர். மேலாளர் சொன்னதாக வழக்கில் பதிவாகியிருக்கிறது. அந்தப் பெண்ணின் முடி கலைந்திருந்தது என்று கம்பெனிகூடச் சொல்லவில்லை. அவருக்காகச் சம வேலைவாய்ப்பு ஆணையமான ஈ.ஈ.ஓ.சி.யே வழக்குப் போட்டும், கீழ் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது, 2016இல் பதினொன்றாம் சர்க்யூட் அதை உறுதி செய்தது. காரணம் பழையதுதான்: தோல் நிறம் மாறாது, முடியலங்காரம் மாறும்.

அந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் கிரௌன் சட்டம். 2019இல் கலிஃபோர்னியா தொடங்கிவைத்தது. இன்று இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இருக்கிறது. ஃபெடரல் அளவில் 2022இல் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றியும் செனட்டில் நின்றுபோனது. டெக்சாஸில் 2023 செப்டம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது. இனத்தோடு வழக்கமாகவோ வரலாற்று ரீதியாகவோ இணைந்த முடியின் இயல்பையோ, அதைக் காக்கும் முடியலங்காரத்தையோ பாகுபடுத்தும் தோற்ற பாலிசியை வேலை கொடுப்பவர் வகுப்பதும் அமல்படுத்துவதும் சட்டவிரோதம். பின்னல், லாக்ஸ், ட்விஸ்ட் எனப்படும் முறுக்கு மூன்றும் அதில் பெயர் சொல்லியே இருக்கின்றன.

இப்போது அவர் அனுப்பிய பதிலை மறுபடி படியுங்கள். "இது கம்பெனி பாலிசியா?" அவர் கோபத்தில் கேட்கவில்லை. சட்டத்தில் இருக்கும் சொல்லே பாலிசிதான். "ஆமாம்" என்று நீங்கள் எழுதினால் கம்பெனி மாட்டும். "இல்லை" என்று எழுதினால், பாலிசியே இல்லாத ஒன்றை ஒரு மேலாளர் ஏன் இவரிடம் மட்டும் கேட்டார் என்ற கேள்வி வரும். அவர் ஏற்கெனவே ஒரு வக்கீலிடம் பேசியிருக்கலாம் என்று வைத்துக்கொண்டே நடந்துகொள்ளுங்கள்.

"மனதில் இனம் இல்லை" என்பது ஓரளவுக்கு உதவும், இழப்பீட்டுத் தொகை பேசும்போது. பொறுப்பிலிருந்து தப்பிக்க அதை நம்பாதீர்கள். கிளையன்ட் சொன்னார் என்பது அதைவிடப் பலவீனம். விமானப் பயணிகள் பணிப்பெண்களைத்தான் விரும்புகிறார்கள், அதனால் ஆண்களை எடுக்கமாட்டோம் என்று பான் ஆம் சொன்னதை, டெக்சாஸ் அடங்கிய ஐந்தாம் சர்க்யூட் 1971லேயே ஏற்கவில்லை. அது பால் பாகுபாட்டு வழக்கு. அங்கே தொழிலுக்கு இன்றியமையாத் தகுதி என்ற விலக்காவது சட்டத்தில் உண்டு. இன விஷயத்தில் அந்த விலக்கே கிடையாது.

பள்ளி வழக்கு ஒன்றைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். ஹூஸ்டனுக்குக் கிழக்கே பார்பர்ஸ் ஹில் பள்ளி மாவட்டத்தில், லாக்ஸ் வைத்த மாணவனை முடி நீளத்தைக் காரணம் காட்டி வகுப்புக்கு வெளியே வைத்தார்கள். கிரௌன் சட்டம் நீளத்தைப் பற்றிப் பேசவில்லை என்று 2024 பிப்ரவரியில் ஒரு நீதிபதி பள்ளிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். உங்கள் மேலாளர் இதைப் பிடித்துக்கொள்ள வாய்ப்புண்டு. விட்டுவிடச் சொல்லுங்கள். அது விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு, ஆண் மாணவனின் முடி நீளம் பற்றியது. நீங்கள் நீளத்தைப் பற்றி எழுதவே இல்லை. முடியின் இயல்பைப் பற்றித்தான் எழுதினீர்கள்.

சரி, உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது? அந்த ஒரு மெசேஜில் இல்லை. ஒரே ஒரு கோரிக்கை, அதுவும் திரும்பப் பெறப்பட்டால், அதைவைத்து மட்டும் பெரிய வழக்கு நிற்பது கடினம். அடுத்து உங்கள் மேலாளர் செய்யச் சொல்லும் இரண்டு காரியங்களில்தான் ஆபத்து.

டெமோவிலிருந்து எடுப்பது சின்ன விஷயமாகத் தெரியும்; சம்பளம் குறையவில்லை, பதவி போகவில்லை. முன்பு ஐந்தாம் சர்க்யூட்டில் அப்படி வாதாட முடிந்தது. உங்கள் ஊர் டாலஸ் கவுண்டி சிறையில் ஆண் காவலர்களுக்கு மட்டும் சனி, ஞாயிறு சேர்த்து விடுப்பு கொடுத்ததை எதிர்த்துப் பெண் காவலர்கள் போட்ட வழக்கில், அந்தப் பழைய அளவுகோலை நீதிமன்றமே 2023இல் தூக்கிப்போட்டது. 2024இல் உச்ச நீதிமன்றம் மல்ட்ரோ வழக்கில், வேலை நிபந்தனையில் ஏதாவது ஒரு பாதிப்பு இருந்தால் போதும், பெரிய பாதிப்பாக இருக்க வேண்டியதில்லை என்றது. மேலதிகாரிகள் முன் தன் வேலையைத் தானே காட்டும் வாய்ப்பு பறிபோவது பாதிப்பில்லை என்று வாதாட எனக்குத் தைரியம் வராது.

குறை எழுதி வைப்பது இன்னும் மோசம். நேற்றுவரை கெட்டிக்காரர் என்று எழுதிய நீங்கள், அந்தக் கேள்வி வந்த வாரத்திலிருந்து குறை எழுதத் தொடங்கினால் அதற்குப் பெயர் பழிவாங்கல். மூல வழக்கு தோற்றாலும் பழிவாங்கல் வழக்கு தனியாக ஜெயிக்க முடியும். இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்புறம் இன்னொன்று: ஃபெடரல் இனப் பாகுபாட்டு வழக்கில் இங்கே பொதுவாகக் கம்பெனிதான் பிரதிவாதி, மேலாளர் அல்ல. ஆனால் 1866ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வந்த பிரிவு 1981 (ஆண்டு அல்ல, பிரிவு எண்) என்று ஒன்று உண்டு. அதில் தனிநபரையும் சேர்க்க வழி இருக்கிறது, காலக்கெடுவும் நான்கு ஆண்டு. அந்தக் குறைப் பட்டியலில் கையெழுத்து உங்களுடையதாக இருக்கும், உங்கள் மேலாளருடையதாக அல்ல.

அதனால் நான் சொல்வது இது. எச்.ஆர். பேசாதே என்றதால் நேரடியாக அந்தப் பெண்ணிடம் போகாதீர்கள். எச்.ஆருக்கு மெயில் எழுதுங்கள்: கிளையன்ட் என்ன சொன்னார், நீங்கள் என்ன எழுதினீர்கள், உங்கள் மேலாளர் என்ன சொன்னார், தேதியோடு. டெமோவில் ஆளை மாற்றுவது, குறை எழுதி வைப்பது இரண்டையும் செய்ய உங்களுக்கு உடன்பாடில்லை, அவை சட்டத்துக்கு எதிரானவை என்று கருதுகிறீர்கள் என்ற வாக்கியம் அதில் கட்டாயம் இருக்கட்டும். அந்த வாக்கியம் உங்களுக்கும் கவசம்: பாகுபாட்டை எதிர்த்ததற்காக உங்களைப் போன்ற ஒரு மேலாளரைப் பழிவாங்குவதையும் அதே சட்டம் தடுக்கிறது. கூடவே, அந்தப் பெண்ணுக்கு நீங்கள் அனுப்ப விரும்பும் நான்கு வரியை இணைத்து அனுமதி கேளுங்கள். "உங்கள் முடியைப் பற்றி நான் கேட்டது தவறு. அது கம்பெனியின் எதிர்பார்ப்பு அல்ல. டெமோவை நீங்கள்தான் நடத்துகிறீர்கள். மன்னிக்கவும்." அவ்வளவுதான். "நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை", "எங்கள் ஊரில் இப்படித்தான்" எதுவும் வேண்டாம்.

விசா விஷயம்: சிவில் புகார் எச்-1பி அந்தஸ்தைத் தொடாது. வேலை போனால்தான் சிக்கல். அதிகபட்சம் 60 நாள் அவகாசம், நீங்கள் தங்க அனுமதிக்கப்பட்ட காலத்தைக் காட்டும் ஐ-94 அதற்கு முன்பே முடிந்தால் அதுவரைதான். அந்தப் பயத்தில் மேலாளர் சொன்னதற்குத் தலையாட்டிவிடாதீர்கள். விஷயம் வெடித்தால் கம்பெனி முதலில் கைவிடப்போவது மெசேஜ் அனுப்பிய ஆளைத்தான். கம்பெனி வக்கீல் உங்களைக் கூப்பிட்டுப் பேசினால், அவர் கம்பெனியின் வக்கீல், உங்களுடையவர் அல்ல என்பது நினைவிருக்கட்டும். அந்தக் கூட்டத்துக்கு முன் சொந்தமாக ஒரு வேலைவாய்ப்புச் சட்ட வக்கீலைப் பாருங்கள். உங்கள் முழுக் கோப்பையும் பார்க்காமல் நான் இங்கே சொல்வது அதற்கு ஈடாகாது.

அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு மாதம் சத்தம் வரவில்லை என்றால் முடிந்தது என்று எண்ணாதீர்கள். மாநில அமைப்பான டெக்சாஸ் வொர்க்ஃபோர்ஸ் கமிஷனில் புகார் கொடுக்க 180 நாள், ஈ.ஈ.ஓ.சி.யில் 300 நாள். செலவும் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

டெமோ அன்று கிளையன்ட் ஆள் மறுபடி முடியைப் பற்றி ஏதாவது சொன்னால், சிரித்து மழுப்பாமல், "அது எங்களுக்குப் பொருட்டல்ல, ஸ்லைடுக்குப் போவோமா" என்று நீங்களே இடைமறியுங்கள். யாராவது "தொட்டுப் பார்க்கலாமா" என்று கையை நீட்டினாலும் அப்படியே. முடிந்ததும் அன்றைக்கே எச்.ஆருக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள்.