வருகிறார்கள், நிற்பதில்லை: செக்கு எண்ணெய்த் தளத்தில் எதை மாற்றுவது?

கேள்வி: காங்கேயம் பக்கத்தில் மரச்செக்கு எண்ணெய் ஆட்டி விற்கிறோம். போன வருடம் இணையதளம் போட்டோம். முகப்பில் ஐந்து படங்கள் மாறி மாறி ஓடும். 'எங்களைப் பற்றி', 'பொருட்கள்', 'தொடர்புக்கு' எல்லாம் உண்டு. ஆட்கள் வருகிறார்கள், ஆனால் பெரும்பாலோர் சில நொடிகளில் போய்விடுவதாக, தளத்துக்கு வருபவர்களைக் கணக்கெடுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ் காட்டுகிறது. தளம் செய்துகொடுத்தவர் வாரம் ஒரு கட்டுரை போடச் சொல்கிறார். போட்டால் சரியாகுமா? தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்திலா?

பதில்: வாரம் ஒரு கட்டுரை இப்போதைக்கு வேண்டாம். குடத்தில் ஓட்டை இருக்கும்போது குழாயைப் பெரிதாகத் திறந்து என்ன பயன்? இருக்கிற பக்கங்களைச் சரிசெய்தாலே பாதி வேலை முடியும். அதற்கும் முன்னால், 'போய்விடுகிறார்கள்' என்று சொல்லும் அந்தக் கணக்கையே கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

கூகுள் அனலிட்டிக்ஸின் இப்போதைய பதிப்பில், ஒருவர் 10 நொடிக்கு மேல் இருக்க வேண்டும், அல்லது இரண்டு பக்கமாவது பார்க்க வேண்டும், அல்லது நீங்கள் 'முக்கிய நிகழ்வு' என்று குறித்துவைத்த ஒன்றைச் செய்ய வேண்டும். இல்லையென்றால் அது பவுன்ஸ், அதாவது வந்ததும் போய்விட்ட வருகை. எட்டாவது நொடியில் உங்கள் எண்ணைத் தொட்டு அழைத்து ஐந்து லிட்டர் சொன்னவரும் இந்தக் கணக்கில் ஓடிப்போனவர்தான். எனவே போன் எண்ணைத் தொடுவதையும் வாட்ஸ்அப் பட்டனைத் தொடுவதையும் முக்கிய நிகழ்வாக அமைத்துத் தரும்படி தளம் செய்தவரிடம் கேளுங்கள். அரை மணி நேர வேலை. அதன்பிறகு வரும் எண்களை நம்பலாம்.

அடுத்து கூகுள் சர்ச் கன்சோல், அதாவது கூகுள் தேடலில் உங்கள் தளம் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கருவி. இலவசம், 16 மாதக் கணக்கு அதில் கிடக்கும். பெர்ஃபார்மன்ஸ் அறிக்கையில், மக்கள் என்ன தட்டச்சு செய்து உங்களிடம் வந்தார்கள் என்ற பட்டியல் இருக்கும். ஒவ்வொரு தேடலையும் தொட்டு, அவர்கள் எந்தப் பக்கத்தில் வந்து இறங்கினார்கள் என்று பாருங்கள். உங்களைப் போன்ற தளங்களில் அடிக்கடி நடப்பது இது: 'மரச்செக்கு கடலை எண்ணெய் விலை' என்று தேடியவரை கூகுள் முகப்புப் பக்கத்தில் கொண்டுவந்து விடுகிறது. அங்கே விலை இல்லை, ஓடும் படம்தான் இருக்கிறது. அவர் ஏன் நிற்க வேண்டும்? எழுத்து மோசம் என்பதற்காக யாரும் போவதில்லை. கேட்டு வந்தது கண்ணில் படாததால்தான் போகிறார்கள்.

எதை எழுதுவது என்று தேட வேண்டாம், அது உங்கள் போனில் வருகிறது. ஒரு நோட்டை போன் பக்கத்தில் வைத்து, 15 நாள், அழைப்பவர்கள் கேட்பதை அவர்கள் வாயில் வந்தபடியே குறித்துக்கொள்ளுங்கள். 'லிட்டர் என்னங்க விலை?' 'சென்னைக்கு கூரியர் எவ்வளவு ஆகும்?' 'எப்ப ஆட்டினது?' 'எத்தனை மாசம் தாங்கும்?' 'அடியில கசடு நிக்குதே, ஏன்?' 'தேங்காய் எண்ணெய் உறைஞ்சிடுச்சு, கலப்படமா?' இவைதான் உங்கள் துணைத்தலைப்புகள். 'தர உறுதிப்பாடு' என்று எவரும் கூகுளில் தேடுவதில்லை; 'எண்ணெயில் கசடு' என்று தேடுவார்கள்.

முதல் பத்தி

உங்கள் முகப்பின் முதல் பத்தி அநேகமாக இப்படித்தான் இருக்கும்: 'பாரம்பரியத்தையும் தரத்தையும் இரு கண்களாகப் போற்றி, வாடிக்கையாளர்களின் நம்பிக்கையே எங்கள் மூலதனம் என்ற கொள்கையோடு செயல்பட்டு வரும் எங்கள் நிறுவனம் தங்களை அன்புடன் வரவேற்கிறது.' இதை ஒரு சிமெண்ட் கடைப் பெயரோடு வாசித்துப் பாருங்கள். அப்படியே பொருந்தும். எந்தக் கடைக்கும் பொருந்தும் வாக்கியம் எந்தக் கடைக்கும் உதவாது, எடுத்துவிடலாம்.

அந்த இடத்தில் வர வேண்டியது இந்த மாதிரி: 'வாகை மரச்செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்குச் சுமார் இரண்டரை கிலோ பருப்பு போகிறது. செவ்வாய், வெள்ளி ஆட்டுகிறோம். தெளிய வைத்து, ஐந்தாம் நாள் அனுப்புகிறோம். விலையும் கூரியர் கட்டணமும் கீழே.' கிழமைகளும் அளவுகளும் உங்கள் செக்கில் உள்ளபடி இருக்கட்டும். பருப்புக் கணக்கைப் பார்த்ததும், கடையில் கிடைப்பதைவிட உங்கள் விலை ஏன் கூடுதல் என்று வாங்குபவரே போட்டுப் பார்த்துக்கொள்வார். அதற்கென்று 'தரம்' என்ற சொல்லே தேவைப்படாது.

விலையை மறைக்காதீர்கள். 'விலைக்கு அழைக்கவும்' என்றால், பேரம் பேசுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துப் பலர் அழைப்பதே இல்லை. ஒரு லிட்டர், ஐந்து லிட்டர், பதினைந்து கிலோ டின் என்று வரிசையாக விலை, பக்கத்திலேயே அனுப்பும் செலவு. லிட்டரா கிலோவா என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள்: ஒரு லிட்டர் எண்ணெய் 910 முதல் 920 கிராம்தான் இருக்கும். இதைச் சொல்லாமல் விட்டால், வீட்டில் தராசில் வைத்துப் பார்ப்பவர் நீங்கள் எடையில் அடித்துவிட்டதாகவே நினைப்பார்.

தேங்காய் எண்ணெய் உறைவது பற்றி ஒரு தனிப் பக்கம் வையுங்கள். சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறையத் தொடங்கும், அது அதன் இயல்பு. வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும். ஆறு வரியில் முடிகிற விஷயம். ஆனால் மார்கழிக் குளிரில் இதைத் தேடுபவர்கள் பலர், அதனால் பக்கத்தை ஐப்பசியிலேயே போட்டுவிடுங்கள். கூகுள் படித்து வரிசையில் சேர்க்க அவகாசம் வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. 'சர்க்கரையைக் குணப்படுத்தும்', 'கொழுப்பைக் கரைக்கும்' என்றெல்லாம் எழுத வேண்டாம். உணவுப் பொருள் நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை, இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 2018ஆம் ஆண்டு விதிகள் தடுக்கின்றன. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், விவரம் தெரிந்தவர்கள் இந்த வரியைப் பார்த்ததும் மற்ற வரிகளையும் நம்ப மாட்டார்கள். அதற்குப் பதில் உங்கள் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணை ஒவ்வொரு பொருள் பக்கத்திலும் போடுங்கள்.

தமிழில் எழுதும்போது

இணையத்தில் பெரும்பாலோர் வரிவரியாகப் படிப்பதில்லை. இணையதளப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 1997இல் வெளியிட்ட ஆய்விலேயே 79 சதவீதம் பேர் மேலோட்டமாகக் கண்ணை ஓட்டியவர்கள்தான். அப்போது கைபேசியில் இணையம் பார்க்கும் வழக்கம்கூடக் கிடையாது. தமிழில் இன்னொரு சிக்கல் உண்டு. நம் வினைச்சொல் கடைசியில் வரும். 'சென்னை, கோவை, மதுரை, திருச்சி ஆகிய ஊர்களில் உள்ள வாடிக்கையாளர்களுக்கு மூன்று நாட்களுக்குள்...' என்று போனால், அனுப்புகிறீர்களா இல்லையா என்பது போன் திரையில் ஐந்தாவது வரியில்தான் தெரியும். 'மூன்று நாளில் வந்து சேரும்: சென்னை, கோவை, மதுரை, திருச்சி' என்று திருப்பிப் போடுங்கள். வாக்கியம் பத்துப் பன்னிரண்டு சொல்லைத் தாண்ட வேண்டாம். பத்தி மூன்று நான்கு வாக்கியம் போதும். தலைப்பிலும் அப்படித்தான்: 'எங்களின் தரம் மிகுந்த கடலை எண்ணெய்' என்றால் கண் 'எங்களின்' என்ற சொல்லிலேயே திரும்பிவிடும், 'கடலை எண்ணெய்: விலை, அளவு, ஆட்டிய தேதி' என்றால் நிற்கும்.

தமிழா ஆங்கிலமா என்பதற்கு விடை சர்ச் கன்சோலில் இருக்கிறது. சிலர் தமிழ் எழுத்தில் தேடுவார்கள், சிலர் ஆங்கிலத்தில், சிலர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவார்கள். எந்த வகை அதிகம் என்று பார்த்து அந்த மொழியில் முதலில் எழுதுங்கள். இரண்டும் வேண்டுமென்றால் தனித்தனிப் பக்கம். ஒரே பக்கத்தில் ஒரு பத்தி அது, ஒரு பத்தி இது என்று கலந்தால் இரண்டு பேருக்குமே எரிச்சல்தான். தானாக மொழிபெயர்க்கும் பட்டனை நம்பாதீர்கள்; 'செக்கு' அதில் வங்கிக் காசோலை ஆகிவிடக்கூடும்.

பக்கத்தின் முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் வையுங்கள். தமிழ் முகவரியை நகலெடுத்து ஒட்டும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது எழுத்தாக விரிந்துவிடும். புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறி என்பதால் 'எண்ணெய்' ஏழு குறி, அந்த ஒரு சொல்லே 63 எழுத்து. வாட்ஸ்அப்பில் அது சதவீதக் குறிகள் நிறைந்த குப்பையாகத் தெரிவதால், வைரஸ் என்று பயந்து தொட மாட்டார்கள்.

கூகுள் முடிவில் காட்டும் தலைப்புக்கு இடம் குறைவு, தமிழ் எழுத்து அகலம் வேறு. முதல் 25, 30 எழுத்துக்குள் பொருளின் பெயர் வந்துவிட வேண்டும். கடையின் பெயர் கடைசியில் போகட்டும். 'கீவேர்ட்ஸ்' பெட்டியில் நூறு சொல்லைத் திணிக்க யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். அந்தக் குறிச்சொல்லைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009இலேயே சொல்லிவிட்டது.

விலைப்பட்டியலை போஸ்டராகச் செய்து படமாக ஒட்டுவது இன்னொரு பழக்கம். படத்துக்குள் இருக்கும் எழுத்தை கூகுள் பக்கத்து எழுத்தைப் போல எடுத்துக்கொள்ளாது. பார்வையற்றவருக்குப் படித்துக்காட்டும் செயலியும் அங்கே ஊமை. விலையை எழுத்தாகவே தட்டுங்கள். பழைய நோட்டீஸ் பாமினி என்ற பழைய வகைத் தமிழ் ஃபாண்டில் அடித்திருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள்; அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் வரும்.

தோற்றமும் வேகமும்

தமிழ் எழுத்துக்கு இகரச் சுழி மேலே போகும், உகரம் கீழே இறங்கும். ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியை அப்படியே விட்டால் மேல்வரியின் 'ழு' கீழ்வரியின் 'வி'யோடு முட்டும். எழுத்து அளவு 17 அல்லது 18 பிக்சல், வரி உயரம் அதைப்போல 1.7 மடங்கு. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை ஆகிய ஃபாண்டுகள் இலவசம். ஒன்றை எடுத்து, சாதாரணம், தடிமன் என்ற இரண்டு வகையோடு நிறுத்துங்கள். இருபுறமும் சமமாக நிரவ வேண்டாம். 'அனுப்பிக்கொண்டிருக்கிறோம்' போன்ற நீளச் சொல் அடுத்த வரிக்குத் தாவும்போது மேல்வரியில் பல் விழுந்ததுபோல் இடைவெளி தெரியும். எண்ணெய்ப் படத்தின் மேல் மஞ்சள் எழுத்தும் வேண்டாம். எழுத்துக்கும் பின்னணிக்கும் மாறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும்.

அந்த ஓடும் படங்களை எடுத்துவிடுங்கள். போனில் எடுத்த படம் ஒன்று நான்கு எம்பி என்றால் ஐந்துக்கு 20 எம்பி. பஸ்ஸில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு வெள்ளைத் திரைதான் தெரியும். முக்கியமான பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். ஒரே படம் போதும்: அகலம் 1200 பிக்சல், வெப்பி வடிவம், 150 கேபிக்குள். ஸ்கூஷ் என்ற இலவசக் கருவியில் ஒரு நிமிட வேலை. படத்தின் அகலம் உயரத்தை நிரலில் குறிக்கச் சொல்லுங்கள். குறிக்காவிட்டால் படம் வந்ததும் பக்கம் கீழே குதிக்கும், பட்டனைத் தொடப்போன விரல் வேறெதையோ தொடும். சிரித்த முகத்தோடு பாட்டில் பிடித்த வெளிநாட்டுப் பெண் படம் வேண்டாம். செக்கில் பருப்பு போடும் கை, பக்கத்தில் புண்ணாக்கு, அடியில் கசடு தெரியும் பாட்டில்: இவற்றை எடுங்கள்.

உள்ளே நுழைந்ததும் குதிக்கும் பாப்-அப்பையும் நோட்டிஃபிகேஷன் அனுமதி கேட்பதையும் நிறுத்துங்கள். சோதனையை உங்கள் வைஃபையில் செய்யாதீர்கள். விலை குறைந்த ஒரு போனில், மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். கூகுளின் வேகச் சோதனைக் கருவியான பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸில் மொபைல் பக்க எண்ணே உங்களுக்கு முக்கியம்.

ஒவ்வொரு பக்க முடிவிலும் ஒரே ஒரு வேலை சொல்லுங்கள். வாட்ஸ்அப் இணைப்பில் 'கடலை எண்ணெய் __ லிட்டர் வேண்டும். ஊர்: __' என்று செய்தியை முன்கூட்டியே நிரப்பி வைக்கலாம். என்ன எழுதுவது என்று யோசிப்பவர்தான் பாதியில் போனை மூடுகிறார்.

திரும்பத் திரும்ப வர வைக்க முகப்பில் ஒரு சின்னப் பலகை: 'இந்த வாரம் ஆட்டியது: கடலை, செவ்வாய்; எள், வெள்ளி.' வாரம் இரண்டு நிமிட வேலை, ஒரு கட்டுரைக்கு மேல் உதவும். ஆனால் மாற்ற முடியாது என்றால் வைக்கவே வேண்டாம். மூன்று மாதப் பழைய தேதியைப் பார்த்தால் செக்கே நின்றுவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

மாற்றியதும் சர்ச் கன்சோலில் அந்தந்தப் பக்கத்தை மீண்டும் அட்டவணைப்படுத்தக் கேளுங்கள். 28 நாள் கழித்து முன்பின் ஒப்பிடுங்கள். பலகாரம் சுடும் தீபாவளி மாதத்தை ஆடி மாதத்தோடு வைத்துப் பார்த்து ஏமாற வேண்டாம், போன வருடம் அதே மாதத்தோடு பாருங்கள். கட்டுரை எழுதும் ஆசை அதன்பிறகும் இருந்தால், நோட்டில் ஐந்து பேருக்கு மேல் கேட்ட கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு, ஏழு தேறும்.